வாடகைக்காரர் விட்டுப்போன வீடு: எதில் முதலில் கை வைப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் அப்பா வாங்கிப் போட்ட மலிவு விலை வீடு. நான்கு ஆண்டு இருந்த குடும்பம் மூன்று மாத வாடகை பாக்கியோடு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. சுவரெல்லாம் கறுப்பு, குளியலறைக் கதவுநிலையைக் கறையான் தின்றிருக்கிறது, குசினியில் (சமையலறையில்) சீலிங் தொங்குகிறது, கழிவறை அடைப்பு, உள்ளே நுழைந்தால் பூனை மூத்திர நாற்றம். நீங்கள் ஜொகூரில் வேலையில் இருக்கிறீர்கள். ஒரு வாரம் லீவு போட்டு, பெயிண்ட் அடித்து, அடுத்த மாதமே வேறு ஆளுக்கு விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது பெயிண்ட்டைப் பற்றி. உள்ளே இருக்கும் கேள்வி வேறு: எதில் முதலில் கை வைப்பது, இந்தச் செலவில் எவ்வளவு அவர்கள் தலையில், எவ்வளவு நம் தலையில்?

நான் பேராவில் வீடு பழுதுபார்க்கும் வேலையில் இருபத்தேழு ஆண்டாக இருக்கிறேன். அதற்கு முன், தோட்டத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கையாள். கொத்து வேலை, கூரை, தண்ணீர்க் குழாய், பெயிண்ட் இவற்றைத் தைரியமாகச் சொல்வேன். ஒயரிங்கும் கறையான் மருந்தும் உரிமம் உள்ளவர்களின் வேலை. அவர்களோடு நின்று பார்த்ததைத்தான் சொல்ல முடியும். வக்கீல் இல்லை. வீட்டை நேரில் பார்க்கவும் இல்லை, நீங்கள் போட்ட நான்கு படங்களை வைத்துத்தான் பேசுகிறேன். படத்தில் தெரியாதது இருக்கும் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில், துடைப்பத்தை எடுப்பதற்கு முன் போனை எடுங்கள். ஒவ்வோர் அறையிலும் வாசலில் நின்று ஒரு படம், பிறகு நான்கு சுவர், தரை, கூரை, சுவிட்சுகள், தண்ணீர் மீட்டர், மின்சார மீட்டர் என்று எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தேதி தெரியும்படி ஒரு வீடியோவும் எடுங்கள். கழுவி முடித்த பிறகு "இப்படி விட்டுப்போனார்கள்" என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. அவர்கள் விட்டுப்போன சாமான்களையும் உடனே தூக்கி வீசாதீர்கள். பட்டியல் எழுதி, படத்தோடு அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, இந்தத் தேதிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். சாவியை ஒப்படைத்துவிட்டதாக அவர்களே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. குடியிருந்தவர் காலி செய்யாத நிலையில் நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) சொல்கிறது. உங்கள் விஷயத்தில் சாவி கைக்கு வந்துவிட்டதால் பெரிய சிக்கல் தெரியவில்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

சாமிப்படங்களை விட்டுப்போயிருந்தால் அதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்து வீட்டில் மூன்றில் இதைப் பார்க்கிறேன். நம் ஆட்கள் யாரும் அதைக் குப்பை லாரியில் ஏற்ற மாட்டார்கள், வேலை அங்கேயே நிற்கும். பக்கத்துக் கோயிலில் கேட்டு ஒப்படைத்துவிட்டு வாருங்கள். பின்கட்டில் கிடக்கும் வாளி, பழைய டயர், பெயிண்ட் டின் எல்லாவற்றையும் முதல் நாளே கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும், அபராதக் கடிதம் வந்தால் அப்பா பெயருக்குத்தான் வரும். எலி எச்சம் இருந்தால் உலர்ந்தபடி கூட்டக் கூடாது. கிருமிநாசினித் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு, கையுறையும் முகக்கவசமும் போட்டு அள்ளுங்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

இனி முக்கியமான விஷயம். நாசமான வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாப் பழியையும் குடியிருந்தவர் மேல் போடத்தான் தோன்றும். நானும் அப்படித்தான் இருந்தேன். பல வருடங்களுக்கு முன், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரின் வீட்டில், படுக்கையறைச் சுவர் கன்னங்கரேலென்று பூஞ்சை பிடித்திருந்தது. ஜன்னலைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள் என்று அவரும் நானும் சேர்ந்து அந்தக் குடும்பத்தைத் திட்டினோம். சுரண்டி, கழுவி, பெயிண்ட் அடித்தேன். நான்கு மாதத்தில் திரும்ப வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி வந்தது. மூன்றாவது முறைதான் ஏணி போட்டுக் கூரை ஏறினேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் கூரையை உயர்த்திக் கட்டியபோது, இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் மேல் வைத்த சிமெண்ட் பூச்சு வெடித்து, மழை நேரே எங்கள் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் டெபாசிட்டில் பாதியை ஆசிரியர் அந்தப் பூஞ்சைக்காகப் பிடித்துவைத்திருந்தார். அன்றைக்குப் பிறகு வீட்டுக்குள் நுழைந்தால் நான் மூன்றாகப் பிரித்துத்தான் எழுதுகிறேன்: அவர்கள் கெடுத்தது, வயசானதால் கெட்டது, வீட்டிலேயே முதலிலிருந்து இருந்த கோளாறு. உங்கள் பட்டியலில் மூன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சுவரை எடுத்துக்கொள்வோம். கறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மேல் மூலையில், ஓரத்தில் பழுப்பு வளையத்தோடு இருந்தால் தண்ணீர் கூரையிலிருந்து வருகிறது. தரையிலிருந்து இடுப்பளவு வரை பெயிண்ட் உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள், யாராவது மண்ணைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள், அல்லது செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அலமாரிக்குப் பின்னால், மூலை முடுக்கில் புள்ளி புள்ளியாக இருந்தால் அது காற்றோட்டம் இல்லாத குறை, துணியை வீட்டுக்குள் காயப்போட்ட குறை. சந்தேகமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் கோத்திருந்தால் காற்றில் இருக்கிறது. உங்கள் இரண்டாவது படத்தில் மேல் மூலையில் பழுப்பு வளையம் தெரிகிறது. அது நிச்சயம் தண்ணீர் இறங்கிய தடம். முதல் படத்தில் இருப்பது விளக்குப் புகையா பூஞ்சையா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஈரத்துணியில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். மை போல ஈஷிக்கொண்டு வந்தால் புகை.

தொங்கும் சீலிங் குசினியில் இருப்பதைப் பார்த்தால், பின்னால் இழுத்துக் கட்டிய பகுதியாகத்தான் இருக்க வேண்டும். நம் பக்கத்துத் தாமான்களில் (வீடமைப்புக் குடியிருப்புகளில்) முக்கால்வாசி வீடு அப்படித்தான். பழைய கூரையும் புதிய தகரக் கூரையும் சேரும் இடத்தில் வைக்கும் வாய்க்கால்தான் இந்த வீடுகளுக்கு நிரந்தர நோய். இலை அடைத்தால் நிரம்பி உள்ளே வழியும். அதைச் சுத்தம் செய்தாலே பல வீட்டில் ஒழுகல் நின்றுவிடும். பேரா போன்ற மேற்குக் கரைப் பகுதியில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பல நாள் மதியத்துக்கு மேல் இடியோடு ஊற்றும், ஆகவே கூரை வேலையைக் காலையிலேயே முடித்துவிடப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: 1970, 80-களில் கட்டிய வீடு என்றால் அந்தச் சீலிங் பலகையும் கூரைத் தகடும் அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கண்ணால் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். தெரியாதவரை அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி உடைக்காதீர்கள், ரம்பம் போடாதீர்கள், உப்புத்தாள் தேய்க்காதீர்கள். அதன் தூசிதான் எமன். நீங்களே பிய்த்துப் போட வேண்டாம், விவரம் தெரிந்த ஆளை வைத்து நனைத்து, முழுப் பலகையாகக் கழற்றச் சொல்லுங்கள்.

கறையான் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிக் கதை உண்டு. இந்தத் தாமான்களில் பல, ரப்பர் மரத்தைத் தள்ளிவிட்டு எழுந்தவை. மரத்தை வெட்டினார்கள், அடிக்கட்டையையும் வேரையும் எத்தனை இடத்தில் முழுதாகத் தோண்டி எடுத்தார்கள்? மண்ணைத் தள்ளி மூடி, மேலே சிமெண்ட் போட்டார்கள். மண்ணுக்குள் கிடக்கும் கட்டை கறையானுக்குச் சோற்றுப்பானை. ரப்பர் மரத்தையே உயிரோடு தின்னும் கறையான் இனம் நம் நாட்டில் இருக்கிறது. வீட்டை அதிகமாகத் தாக்குவது அதன் பங்காளி, இரண்டும் கோப்டோடெர்மெஸ் வகை. அதனால் கதவுநிலையைத் தின்றதற்கு வாடகைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. பார்த்தும் சொல்லாமல் இருந்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். நிலையை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், "டொக்" என்று பொத்தல் சத்தம் வரும் இடத்தில் குறி போடுங்கள். சுவரில் ஏறும் மண்குழாயில் இரண்டு விரல் அகலம் உடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கட்டாவிட்டால் போய்விட்டது என்று அர்த்தமில்லை, வேறு வழியைப் பிடித்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் ஸ்பிரே அடிப்பதும் கண்ணுக்கு எதிரில் இருப்பதைக் கொல்லும், புற்றுக்குள் இருக்கும் ராணிக்கு ஒன்றும் ஆகாது. இரை வைத்துக் கொல்லும் முறை மெதுவானது, ஆனால் கூட்டத்தையே அழிக்கும். உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள், அவர் வந்து பார்க்கும்வரை குழாய்களை முழுதாகக் கலைக்காதீர்கள். அதன் பிறகு நிலையை மாற்றும்போது மரம் வேண்டாம். குளியலறைக்கு அலுமினியமோ பிளாஸ்டிக்கோ போதும். மேலே கூரை உத்தரத்தில் இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. சீலிங் கழற்றும் அன்று டார்ச் அடித்து ஒவ்வோர் உத்தரத்தையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருந்தால் இந்தப் பதிலில் இருக்கும் காலக்கணக்கு எல்லாம் மாறிவிடும்.

மின்சாரத்தில் நீங்கள் செய்யக்கூடியது பார்ப்பது மட்டும்தான். மீட்டரின் முத்திரை உடைந்திருக்கிறதா, புதிதாக ஒயர் ஏதாவது இழுத்திருக்கிறார்களா, சாக்கெட் கருகியிருக்கிறதா? மீட்டரில் கை வைத்த மாதிரி தெரிந்தால் தொடாதீர்கள், நீங்களே மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கணக்கு அப்பா பெயரில் இருந்தால் திருடிய மின்சாரத்துக்கான கட்டணம் அப்பாவைத் தேடித்தான் வரும். 2021-இல் சரவாக்கின் மிரியில் காவல்துறை, பிட்காயின் என்ற இணைய நாணயத்தை உருவாக்கும் 1,069 எந்திரங்களை ரோட்டு உருளையால் நசுக்கிய காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வாடகைக்கு எடுத்த வீட்டிலும் கடையிலும் அந்த எந்திரங்களை வைத்து மின்சாரம் திருடுவது நம் நாட்டில் பழக்கமான கதைதான். உங்கள் வீட்டில் அப்படி இருக்காது, ஆனால் பார்த்துவிடுவது நல்லது. ஒயர்மேன் வரும்போது, மின்கசிவு காப்பு ட்ரிப் ஆகிறதா, அதாவது கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்துகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர், சுடுநீர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அது நிறுத்த வேண்டும் என்பது விதி. பழைய மலிவு வீடுகளில் ஒட்டுமொத்தமாக 100 மில்லி ஆம்பியர் காப்பு மட்டும் இருக்கும், ஹீட்டரைப் பின்னால் யாராவது மாட்டியிருப்பார்கள்.

கழுவும் வேலையில் ஒரே ஓர் ஆபத்து, ஆனால் அது பெரியது. குளோராக்ஸ் போன்ற வெளுப்பானையும், கழிவறைக் கல்லைத் தேய்க்கும் ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே அறையில் எடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. பூனை மூத்திரத்தின் மேல் வெளுப்பானை ஊற்றுவதும் அதே போலத்தான். மூத்திரத்தில் அம்மோனியா இருக்கிறது, கண்ணும் நெஞ்சும் எரியும் புகை வரும். பூனை நாற்றத்துக்கு முதலில் சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, பிறகு செல்லப்பிராணிக் கடையில் விற்கும் நொதித் திரவத்தை ஊற்றி ஊறவிடுங்கள். தரை வெறும் சிமெண்ட் என்றால் உள்ளே இறங்கியிருக்கும். இரண்டு மூன்று தடவை செய்தும் மழை நாளில் வீசினால், மேலே சீலர் பூசி மூடுவதைத் தவிர வழி எனக்குத் தெரியவில்லை. பூஞ்சைக்கு மட்டும், ஒரு பங்கு வெளுப்பானுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து அடியுங்கள்.

கழிவறைக்கு ஆசிட் ஊற்றிப் பார்ப்பதற்கு முன், பின்னால் இருக்கும் மலக்குழியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தனிக்குழி உள்ள வீட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும்; நான்கு ஆண்டில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், அதைக் கூப்பிடுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் வேலை. குழி நிரம்பியதைத்தான் நாம் அடைப்பு என்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பெயிண்ட். விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் படிந்த சுவரில் சாதாரணத் தண்ணீர் பெயிண்ட்டை மூன்று கோட் அடித்தாலும் மஞ்சளாக மேலே வரும். கழுவிக் காயவிட்டு, எண்ணெய்ச் சீலர் ஒரு கோட் அடித்த பிறகு அடியுங்கள். புதிதாகச் சிமெண்ட் பூசிய இடம் 28 நாள் காய வேண்டும். இதைச் சொன்னால் எல்லாருக்கும் கோபம் வருகிறது, ஆனால் அவசரப்பட்டால் பெயிண்ட் கொப்புளம் போடும். 600 சதுர அடி வீட்டுக்கு உள்சுவர் இரண்டு கோட் என்றால் ஒரு 18 லிட்டர் வாளியும் இரண்டு 5 லிட்டர் டின்னும் கணக்காக இருக்கும், சுவர் கரடுமுரடாக இருந்தால் கூட ஒரு டின். ஆக, அடுத்த மாதமே விட முடியுமா? பூச்சு வேலை இல்லை, உத்தரத்தில் கறையான் இல்லை என்றால் முடியும். அதில் ஒன்று இருந்தாலும் முடியாது, இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார லீவில் படம் எடுப்பது, கழுவுவது, கூரையையும் கறையானையும் பார்க்க வைப்பது, இந்த மூன்றும் முடிந்தாலே பெரிது.

பணத்துக்கு வருகிறேன். நம் வழக்கப்படி இரண்டு மாத டெபாசிட்டும், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அரை மாதமும் வாங்கியிருப்பீர்கள். மூன்று மாத பாக்கியே அதைத் தின்றுவிட்டது. மீதியைக் கேட்கலாம், ஒப்பந்தம் மீறியதற்கு ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வழி இருக்கிறது, சிறு தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கும் முறையும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் இருந்தால் அபராதத்தோடு இப்போதும் கட்டலாம். கேட்கும்போது நியாயமாகக் கேளுங்கள். நான்கு ஆண்டுக்குப் பிறகு பெயிண்ட் அடிப்பது எந்த வீட்டுக்கும் வரும் செலவு. கூரையும் கறையானும் மலக்குழியும் என் கணக்கில் உங்களுடையவை. பூனை நாற்றம், குப்பை அள்ளிய கூலி, உடைந்த கண்ணாடி, பாக்கி பில், வாடகை இவை அவர்களுடையவை. உடைந்த கதவு பதினைந்து வருடப் பழசாக இருந்தால் புதுக்கதவின் முழு விலையைக் கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும், அதை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். இருந்ததை இருந்தபடி திருப்பும் செலவை வாடகை வருமானத்தில் கழித்துக் காட்டலாம், புதிதாகக் கூட்டிக் கட்டுவதைக் கழிக்க முடியாது.

என்னைக் கேட்டால், அந்தக் குடும்பத்துக்கு முதலில் ஒரு போன் போட்டுப் பேசுங்கள். தோட்டத்தில் வேலை குறைந்து, பிள்ளையோடு பட்டணத்துக்குப் போனவர்களாக இருந்தால் மாதம் நூறு வெள்ளி (ரிங்கிட்) கட்டச் சம்மதிப்பார்கள். நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவதைவிட அது மேல். இப்படி வசூலானதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், இரண்டு மாதம் கட்டிவிட்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

ஜொகூருக்குத் திரும்பும் முன், குளியலறையிலும் குசினியிலும் தரையில் இருக்கும் வடிகால் ஓட்டைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். காலி வீட்டில் அந்த வளைவில் நிற்கும் தண்ணீர் சில வாரத்தில் வற்றிவிடும், கரப்பானும் நாற்றமும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். சாவி பக்கத்து வீட்டிலேயே இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து, பெரிய மழை பெய்த மறுநாள் அந்த மேல் மூலையை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மழைக்குப் பிறகும் அந்தப் பழுப்பு வளையம் பெரிதாகாமல் இருந்தால் பெயிண்ட் கடைக்குப் போங்கள்.